தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லட்டும்

கார்களுக்கான நேவிகேஷன் கருவிகளையும், அவற்றின் வரைபடங்களையும், வழி சொல்லும் அந்தக் குரலையும் உருவாக்குகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. உங்கள் கருவிக்கு ஒன்று உறுதியாகத் தெரியாதபோது, அதை ஓட்டுகிறவரிடம் சொல்ல வேண்டும். இதைக் கேட்க ஒரு வரி போதுமே, எதற்கு இவ்வளவு நீள மடல் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. தனக்கு எது தெரியாது என்பது அந்தக் கருவிக்கு உள்ளுக்குள் நன்றாகவே தெரிகிறது. திரைக்கும் ஸ்பீக்கருக்கும் வந்து சேர்வதற்குள் நீங்கள்தான் அதை அழித்துவிடுகிறீர்கள்.

நான் இந்தத் துறைக்காரன் இல்லை. வேலை காரணமாக நிறைய ஓட்டுகிறவன். கையில் இருக்கும் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். படிக்கப் படிக்க உங்கள்மேல் மரியாதை கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து கிளம்பும் சிக்னல், ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் காருக்கு வந்துவிடுகிறது. அந்த நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறீர்கள். ஒரு நானோ செகண்ட் பிசகினால் 30 சென்டிமீட்டர் தப்பிப்போகும். செயற்கைக்கோளில் உள்ள அணுக் கடிகாரம், ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ செகண்ட் முந்தி ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் கணக்கு தவறும். இத்தனையையும் சரிக்கட்டி, டாஷ்போர்டில் ஒரு சின்ன அம்புக்குறியாக நிறுத்தியிருக்கிறீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது செயற்கைக்கோள். ஓர் இடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் காரில் இருப்பது அணுக் கடிகாரம் இல்லை, மலிவான சாதாரணக் கடிகாரம். அது எவ்வளவு தப்பு என்பதையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் நான்காவது. அதாவது, தன் கடிகாரத்தையே நம்பாமல் இருப்பதில்தான் இந்த முழு அமைப்பும் நிற்கிறது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு எதிலும் சந்தேகமே வராத ஒரு குரலைக் கொடுத்திருக்கிறீர்களே, அதுதான் என் வருத்தம்.

ரிசீவர் தன் இடத்தைக் கணக்கிடும்போதே, அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் கணக்கிட்டுவிடுகிறது. செயற்கைக்கோள்கள் வானத்தில் நன்றாகப் பரவி இருந்தால் பிழை குறைவு. ஒரே மூலையில் கூடிக் கிடந்தால் அதிகம். போனில் வரைபடத்தைச் சும்மா திறந்தால், நாம் இருக்கும் புள்ளியைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம் தெரியும். 'இதற்குள் எங்கேயோ இருக்கிறீர்கள்' என்று அர்த்தம். நேர்மையான வட்டம் அது. ஆனால் வழிகாட்டலைத் தொடங்கு என்று அழுத்தினதும் பெரும்பாலும் அது மறைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஓர் அம்பு, சாலையின் நட்ட நடுவில் ஒட்டவைத்தாற்போல வந்து உட்கார்ந்துகொள்கிறது. திறந்த வெளியிலேயே சாதாரண போனின் ஜி.பி.எஸ். 5 மீட்டர் வட்டத்துக்குள்தான் இடம் காட்டும் என்கிறார்கள். ஒரு லேனின் அகலமோ சுமார் மூன்றரை மீட்டர். அம்புக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

இது எங்கே இடிக்கிறது என்றால், மேம்பாலம் தொடங்கும் இடத்தில். ஒரு பக்கம் பாலம் மேலே ஏறும், பக்கத்திலேயே சர்வீஸ் ரோடு கீழே போகும். முதல் நூறு மீட்டருக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தான். 5 மீட்டர் பிழையை வைத்துக்கொண்டு இதில் எது எந்தச் சாலை என்று பிரிக்கவே முடியாது. உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், அது இன்னும் மோசம். செயற்கைக்கோள்கள் எல்லாமே நம் தலைக்கு மேலே இருக்கின்றன. நாம் இருக்கும் இடத்துக்குக் கீழே இருக்கிறவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. அதனால் கிடைமட்டக் கணக்கைவிட உயரக் கணக்கில் பிழை அதிகம். போதாததற்கு, சுற்றியுள்ள கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் கூடுதல் தூரம் பயணித்து வந்து கணக்கைக் குழப்பும்.

அந்தச் சமயத்தில் உங்கள் மென்பொருள் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கும்? எந்தச் சாலையில் கார் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கும் முறைகளில் பல இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. சர்வீஸ் ரோட்டுக்கு 55, பாலத்துக்கு 45 என்று கணக்கு வந்திருக்கலாம். கிட்டத்தட்ட பூவா தலையா. ஆனால் எனக்குக் கேட்பது என்ன? "200 மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்." நான் பாலத்தின் உச்சியில் இருக்கிறேன். வலப்பக்கம் இருப்பது கைப்பிடிச் சுவர். சரி, போகட்டும் என்று நேராகப் போனால், கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் புது வழி. சற்று முன் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

தெருவில் நின்று யாரிடமாவது வழி கேட்டால், "எனக்குச் சரியாத் தெரியலைங்க, அந்த முக்குல போய் ஒரு தடவை கேட்டுக்குங்க" என்பார். அந்தப் பதில் பாதி வழிதான் காட்டுகிறது, ஆனால் எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று முழுதாகச் சொல்லிவிடுகிறது. உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். "நீங்கள் பாலத்தின் மேலா கீழா என்று உறுதியாகத் தெரியவில்லை, மேலே இருந்தால் நேராகப் போகவும், கீழே இருந்தால் வலப்பக்கம் திரும்பவும்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்க நான்கு நொடி ஆகும். நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியுமே!

ஆரம்ப காலத்தில் இப்படி இல்லை என்பதும் ஒரு வேடிக்கை. 1981-ல் ஹோண்டா ஒரு கருவி கொண்டுவந்தது, எலெக்ட்ரோ கைரோகேட்டர் என்று பெயர். செயற்கைக்கோளே இல்லை. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரும் கைரோஸ்கோப்பும் சக்கரச் சுழற்சியும்தான் கார் எங்கே போகிறது என்று சொல்லும். சின்னத் திரையின்மேல் ஒளிபுகும் தாளில் அச்சிட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 1985-ல் அமெரிக்காவில் வந்த ஈடாக் கருவி வரைபடத்தைக் கேசட்டில் வைத்திருந்தது. ஹோண்டாவின் முறையில் பிழை வந்தால், கார் போகும் பாதையைத் திரையில் காட்டும் கோடு தெருவை விட்டு விலகிப் போவது கண்ணுக்குத் தெரியும். ஈடாக் போன்ற கருவிகள் அம்பைத் தானாகவே தெருவுக்கு இழுத்து வைக்கக் கற்றுக்கொண்டன. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் பிழை நம் கண்ணிலிருந்து மறையத் தொடங்கியதும் அங்கேதான். அப்புறம் 2000-ஆம் ஆண்டு மே மாதம், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. நூறு மீட்டர் வரை தப்பிக்கொண்டிருந்த கணக்கு ஒரே இரவில் பல மடங்கு துல்லியமானது. அன்றிலிருந்து அம்பை யாரும் கேள்வி கேட்பதில்லை.

சுரங்கப்பாதையிலும் இதே கதைதான். உள்ளே சிக்னல் வராது. காரிலேயே பதித்த கருவி சக்கர வேகத்தையும் கைரோஸ்கோப்பையும் வைத்து அம்பை நகர்த்துகிறது. போனுக்குச் சக்கரத்தோடு தொடர்பு இல்லாவிட்டால் கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்துக்கொண்டு உத்தேசமாக ஓட்டும். உத்தேசம் தப்பில்லை. ஆனால் சுரங்கத்துக்குள்ளேயே சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், உத்தேசமாக நகரும் அம்பும் உண்மையாக நகரும் அம்பும் ஒரே நிறத்தில், ஒரே கூர்மையில் இருக்கின்றன. அம்பைக் கொஞ்சம் மங்கலாக்கினால் போதும், நான் பலகையைப் படித்துக்கொள்வேன்.

இதுவரை சொன்னது எல்லாம் சில நிமிட எரிச்சல். இனிமேல் சொல்வது அப்படியல்ல.

2022 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஹிக்கரி என்ற ஊரில், ஒருவர் இரவில் வழிகாட்டியைப் பின்பற்றி ஓட்டிக்கொண்டு போய், பாலம் இல்லாத ஓடையில் விழுந்து இறந்தார். அந்தப் பாலம் 2013-லேயே இடிந்துபோனது. சாலையில் இருக்க வேண்டிய தடுப்புகளும் அன்று அங்கே இல்லை. யார்மேல் எவ்வளவு பொறுப்பு என்பதற்குள் நான் போகவில்லை. அது வழக்கறிஞர்கள் வேலை. ஆனால் குடும்பத்தினர் அடுத்த ஆண்டு தொடுத்த வழக்கில் ஒரு விவரம் இருக்கிறது. அங்கே பாலம் இல்லை என்று உள்ளூர்க்காரர் ஒருவர் 2020-லேயே வரைபட நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தார் என்கிறது அந்த மனு.

ஒருவர் சொன்னதை அப்படியே நம்பிச் சாலையை நீக்கிவிட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. விளையாட்டுக்கும் வேண்டாத வேலைக்கும் தவறான தகவல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சரிபார்க்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஆனால் உங்களிடம் இருப்பவை இரண்டே நிலைகள்: சாலை உண்டு, அல்லது சாலை இல்லை. நடுவில் மூன்றாவது ஒன்று ஏன் இல்லை? "முன்னால் பாலம் இடிந்திருப்பதாக ஒரு தகவல் வந்துள்ளது, இன்னும் சரிபார்க்கப்படவில்லை" என்று அந்த இரண்டு ஆண்டும் அந்த இடத்தை நெருங்குகிற ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கலாம். இருட்டில் வருகிறவர் பிரேக்கில் கால் வைக்க அந்த ஒரு வாக்கியம் போதும். நான் அனுப்பிய திருத்தங்களுக்கும் 'நன்றி, பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்ததுண்டு. பரிசீலனையில் இருக்கிறது என்பதே ஒரு தகவல்தானே, அதை வரைபடத்தில் போட என்ன தடை?

சாலை பற்றி உங்களுக்குத் தெரிந்தது இன்னும் நிறைய. ஒரு சாலையில் எத்தனை வண்டிகள் போகின்றன என்பதை வைத்துத்தான் நெரிசலையே காட்டுகிறீர்கள். அப்படியானால், மாதக்கணக்கில் ஒரு வண்டிகூடப் போகாத சாலை எது என்பதும் உங்கள் கணினிகளில் இருக்க வேண்டும். ஆயிரம் கார்கள் இன்று காலை போன நெடுஞ்சாலையும், யாருமே போகாத ஒற்றையடிப் பாதையும் திரையில் ஒரே தடிமனான நீலக் கோடாக ஏன் வருகின்றன? பின்னதைப் புள்ளிக் கோடாகப் போடுங்கள். இரண்டு நிமிடம் மிச்சம் என்று அந்த வழியில் திருப்பிவிடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தேடலுக்கும் இது பொருந்தும். 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை, ஆப்பிள் மேப்ஸை நம்பி மில்டூரா நகரத்துக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, ஒரு தேசியப் பூங்காவின் நடுவே அது மில்டூராவைக் காட்டியிருந்தது. அங்கே போய் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். கோடையில் 46 டிகிரி வரை வெயில் ஏறக்கூடிய, தண்ணீர் இல்லாத இடம் என்றது காவல்துறை. காரணம் என்னவென்று பார்த்தால், அரசின் ஊர்ப்பெயர்ப் பட்டியலில் மில்டூரா என்று இரண்டு பதிவுகள். ஒன்று நகரம். இன்னொன்று, அதே பெயருள்ள பெரிய உள்ளாட்சிப் பகுதிக்காகக் குத்துமதிப்பாக வைத்த நடுப்புள்ளி. பட்டியலைத் தயாரித்தவருக்கு அது குத்துமதிப்பு என்று தெரியும். வரைபடத்துக்குள் வந்ததும் அது ஒரு முகவரியாகிவிட்டது. பிழை விரைவில் திருத்தப்பட்டது, அது வேறு விஷயம்.

2009-ல் ஒரு ஸ்வீடன் தம்பதி இத்தாலியின் காப்ரி தீவுக்குக் கிளம்பி, எழுத்து மாறி கார்ப்பி என்று அடித்துவிட்டதால், வடக்கே உள்ள அந்தத் தொழில் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தீவுக்குப் போகிறவர்கள் படகே ஏறாமல் போய்ச் சேர்ந்தோமே என்று யோசிக்கவில்லையா என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் ஒரு எழுத்து மாறினால் பிரபலமான சுற்றுலா இடம் ஒன்று இருக்கிறது என்பதைக் கருவியும் யோசித்திருக்கலாம்.

போய்ச் சேரும் நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணி நேரப் பயணத்துக்கு '4.37-க்குச் சேர்வீர்கள்' என்பது யாரை ஏமாற்ற? 'நாலரையிலிருந்து ஐந்துக்குள்' என்று போடுங்கள்.

ஜி.பி.எஸ். சிக்னலையே போலியாக அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. தரையை வந்தடையும்போது அந்தச் சிக்னல் அவ்வளவு பலவீனமானது; தரையிலிருந்து அனுப்பும் போலி அதைச் சுலபமாக அமுக்கிவிடும். 2024-ல் இஸ்ரேலில் காரோட்டிக்கொண்டிருந்தவர்களைத் திரை பெய்ரூட் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டியது. சக்கரத்தின் சென்சார் வைத்திருக்கும் காருக்கு, தான் ஒரே நொடியில் நாடு தாண்டவில்லை என்பது தெரியாதா? அப்படியிருந்தும் 'சிக்னலை நம்ப முடியவில்லை' என்று சொல்லாமல் விமான நிலையத்திலிருந்து வெளியேறும் வழியைச் சொல்லத் தொடங்கினால் என்ன செய்வது?

உங்கள் தரப்பு பதிலையும் யோசித்துப் பார்த்தேன். ஓட்டுகிறவருக்குக் குழப்பம் வரும், கவனம் சிதறும், எரிச்சலில் வேறு ஆப்புக்கு மாறிவிடுவார். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான காரணம் என்று எனக்குப் படுகிறது. இரண்டு கருவிகளில் ஒன்று தயங்கியும் ஒன்று தயங்காமலும் பேசினால், தயங்காததைத்தான் வாங்குவார்கள் என்ற பயம். மற்ற இரண்டுக்கும் விமானத் துறை ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. விமானங்களின் ஜி.பி.எஸ். ரிசீவரில் ரெய்ம் என்றொரு சோதனை உண்டு. நான்கு போதும் என்கிற இடத்தில் ஐந்தாவது செயற்கைக்கோளையும் சேர்த்துக்கொண்டு, கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் விமானிக்கு உடனே எச்சரிக்கை. ஆறாவதும் கிடைத்தால் எந்தச் செயற்கைக்கோள் தப்பு என்று கண்டுபிடித்து ஒதுக்கியும் விடும். இடத்தைச் சொல்வது ஒரு வேலை, அந்த இடத்தை நம்பலாமா என்று சொல்வது இன்னொரு வேலை என்று அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். கார்களில் இப்போது ஜி.பி.எஸ்., குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்று நான்கு அமைப்புகளின் செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. ஒத்துப் பார்க்கச் செயற்கைக்கோளுக்குப் பஞ்சமே இல்லை.

அதோடு, இனி வரைபடத்தின் பேச்சைக் கேட்கப் போவது மனிதர்கள் மட்டுமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் வேக வரம்பை உணர்ந்து எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். பல கார்களில் கேமராவும் வரைபடமும் சேர்ந்துதான் அந்த வரம்பைச் சொல்கின்றன. இரண்டும் முரண்படும்போது எதைக் காட்டுகிறீர்கள்? வரைபடத்தில் பழைய வரம்பு இருந்தால், பலகையைச் சரியாகப் பார்த்து ஓட்டுகிறவரிடம் கார் கத்திக்கொண்டே வரும். மனிதனாவது முகத்தைச் சுளித்துவிட்டு நேராகப் போவான். வேகத்தைத் தானே குறைக்கிற இயந்திரத்துக்கு, 'இந்தத் தகவல் பழசு, பார்த்துக்கொள்' என்று சொல்ல உள்ளே ஒரு வழி இருந்தாக வேண்டும். மனிதருக்குச் சொல்லப் பழகாதவர்கள் இயந்திரத்துக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை.

இவ்வளவும் ஒரே நாளில் வராது என்று எனக்குத் தெரியும். குரலை மாற்ற வேண்டும், திரையை மாற்ற வேண்டும், ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். அதனால், அடுத்த அப்டேட்டிலேயே செய்யக்கூடிய சின்னதாக ஒன்று கேட்கிறேன். காரில் பதித்த கருவியில் வரைபடம் எந்த மாதத்தையது என்று பார்க்க, செட்டிங்ஸ், அதற்குள் சிஸ்டம், அதற்குள் 'இந்தக் கருவி பற்றி', அதற்குள் உரிம விவரங்கள் நாலு பக்கம் என்று தோண்ட வேண்டியிருக்கிறது. வண்டி நின்றால்தான் அந்தப் பக்கமே திறக்கிற கார்களும் உண்டு. அப்டேட் சந்தா முடிந்த காரில் நாலைந்து வருஷத்து வரைபடம் புத்தம் புதிது போல ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தேதியை முதல் திரையின் ஓரத்தில், சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். 'வரைபடம்: மார்ச் 2021.' இதற்குப் புது சென்சாரும் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். வாடகைக்கு எடுத்த காரில் ஏறி உட்கார்ந்ததும், இதை எவ்வளவு நம்பலாம் என்று நானே முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் கருவியைத் தினமும் பயன்படுத்துகிற ஓர் ஓட்டுநர்